பின்னால் வந்த ஓட்டோ

ஆடி மாதம், விடியப்புறம் நாலரைக்கு
உப்புவெளிக் கரையில்
பதினேழு பேர் கடலுக்குள் இறங்கினார்கள்.
பதினொன்றரைக் கிலோமீற்றர் என்றார்கள்.
எதைப் பிடிக்க என்று கேட்டேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்குச் சொன்ன வேலை இவ்வளவுதான்:
பதினொன்றாம் இலக்கம், மதனரூபி,
அவளுக்குப் பின்னால்
அவள் வேகத்தில் ஓட்டோ ஓட்டுவது.
பின் சீற்றில் இரண்டு சீப்பு வாழைப்பழம்,
அவித்த மரவள்ளி, நாற்பது பக்கற் ஜீவனி,
சுடுதண்ணிப் பிளாஸ்க்,
அவள் காலுக்குப் பெரிதான ஒரு சோடி சப்பாத்து.
"கால் வீங்கும்" என்றாள்,
மழை வரும் என்பது போல.

பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிறவள்.
வயது நாற்பத்து மூன்று.
ஏன் இது என்று கேட்க வாய் வந்தது.
முற்பணம் வாங்கியிருந்தேன், கேட்கவில்லை.

கடலில் அவள் ஒரு செம்மஞ்சள் தொப்பி.
பக்கத்தில் ரிஸ்மினின் வள்ளம்.
புறாமலைப் பக்கம் வெளிக்க வெளிக்க
தொப்பி போனது, வந்தது, போனது.
ஒன்பதரைக்குக் கரையேறினாள்.
உப்பில் தடித்த நாக்கு.
பேர் கேட்டவருக்குத்
"தண்ணி" என்றாள்.

பிறகு சைக்கிள்.
குச்சவெளி தாண்டிப் போய்த் திரும்ப அறுபது.
அது ஒன்பது தரம்.
போகும்போது இடக் கன்னத்திலும்
வரும்போது வலக் கன்னத்திலும்
கச்சான் காற்று அறைந்தது.
இறக்ககண்டிப் பாலத்தில் இறால் பிடிக்கிறவர்கள்
முதல் தரம் பார்த்தார்கள்.
மூன்றாம் தரம் கை காட்டினார்கள்.
ஐந்தாம் தரம் லாம்பு மட்டும் இருந்தது.
சென்றியில் நின்ற சிங்களப் பெடியன்
டோர்ச் அடித்துப் பார்த்து
எண்ணவே தொடங்கிவிட்டான்.
"ஹதரய்" என்றான் எனக்கு,
நாலு விரல் விரித்து.

மணிக்கு இருபதில் போகிற ஓட்டோ
ஒரு தொட்டில்.
என் கன்னத்தில் நானே அறைந்தேன்.
மிதிப்பது அவள், களைப்பது எனக்கு.
வெட்கமாய் இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஓட்டம்.
உப்புவெளி, கடற்கரை வீதி, கோட்டை வாசல்,
திரும்ப உப்புவெளி.
கழன்ற கால் நகம் ஒன்றைச்
சப்பாத்துக்குள் தேடி எடுத்து என்னிடம் தந்தாள்.
என்ன செய்ய?
கண்ணாடிக்குக் கீழ் இருந்த பிள்ளையாருக்குப்
பக்கத்தில் வைத்தேன்.

சாமம் இரண்டு மணி, கோட்டை வாசல்.
"மான் நிக்குது."
பார்த்தேன். நின்றதுதான்.
மூன்று, பொலித்தீன் மென்றபடி.
"ஓம், நிக்குது."
"சைக்கிள்காரன் வாறான், விலகு."
"ஒருத்தரும் இல்லை."
"றோட்டு நெளியுது."
"நேராத்தான் கிடக்கு."
அதன் பிறகு என் வேலை மாறிவிட்டது:
எது இருக்கிறது, எது இல்லை
என்று சொல்வது.

வீதி வளைவில் கடலைக் காட்டினாள்.
"இடுப்பளவு தண்ணியில ஆக்கள் நிக்கினம்.
கரைக்கு வரச் சொல்லு."

அந்த மார்கழியில்
இந்த வளைவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
ஆறு தரம் ஓட்டினேன்.
ஆறாம் தரம் அவசரப்படவில்லை.

இல்லை என்று சொல்லவேண்டும்.
வேலை அதுதான்.
ஹோர்ன் அடித்தேன், ஒரு தரம், நீளமாய்.
"வருவினம். நீ ஓடு."
ஓடினாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று பத்து.
முடிவுக் கோட்டில் ஐந்து பேரும் ஒரு நாயும்.
ஒன்பதாவதாக வந்தாள்.
வந்ததே ஒன்பது பேர்தான்.
பதக்கம் போட்டவர் அவள் விழுவாள் என்று பிடித்தார்.
விழவில்லை.
நேரே என்னிடம் வந்து
நகத்தைக் கேட்டாள்.

ஏறி இருந்து, "எவ்வளவு?"
மீட்டரைப் பார்த்தேன்.
அறுநூற்று எழுபத்து நாலு.
அதில் கடல் இல்லை.
"முதல் நாள் நான் கரையில சும்மா நிண்டது,
அதுக்குக் காசில்லை" என்று திரும்பினேன்.
நித்திரை.

மணிக்கு ஐந்தில்
அவள் வீட்டுக்கு ஓட்டினேன்.
பின்னால் பஸ்காரன் கத்திக் கத்தி ஹோர்ன் அடித்தான்.
எனக்கு வேறு வேகம்
மறந்து போயிருந்தது.